விடிய விடியக் கச்சேரி, விடிந்தால் வேலை

சிவகாசியை அடுத்த வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பங்குனி பிறந்துவிட்டால் ஊர் ஊராக அம்மன் கோயில்களில் பொங்கல் சாட்டுவார்கள். காப்புக் கட்டியதிலிருந்து எட்டு அல்லது பத்து நாளில் பொங்கல் வரும். அதையொட்டி இரண்டு மூன்று இரவுகள் கரகாட்டம், வில்லுப்பாட்டு, நாடகம் என்று மேடையில் ஏதாவது ஒன்று நடக்கும். பங்குனியில் தொடங்கும் இந்த வரிசை சித்திரை, வைகாசி என்று நீண்டு ஆடி வரை போகும். இதே மாதங்களில்தான் பட்டாசு ஆலைகளில் தீபாவளிச் சரக்கு தயாராகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வும் இந்தக் காலத்தில்தான். ராத்திரி கச்சேரிக்குப் போனால் காலை வேலை என்னாவது என்ற கேள்வி இங்குள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஆண்டுதோறும் எழுகிறது. இதற்கு விடை சொல்ல, கச்சேரி இரவு எப்படி அமைந்திருக்கிறது, வீட்டின் நாள் எப்படி ஓடுகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஏன் இரவில்?

நாட்டுப்புறக் கலைகள் இரவில் நடப்பதற்கு முதல் காரணம் வெயில். பங்குனி, சித்திரைப் பகலில் கரிசல் பூமியில் திறந்தவெளியில் உட்கார முடியாது. பாளம் பாளமாக வெடித்த மண் பொழுது சாய்ந்த பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மனிதர்கள் ஓரிடத்தில் அமர்ந்து கதை கேட்கும்படி காற்று குளிர இரவு எட்டு மணியாவது ஆகும்.

இரண்டாவது காரணம் பூசை. கிராம தெய்வங்களுக்கு முக்கியமான பூசை சாமத்தில் நடக்கும். கோயில் விழாவில் வில்லுப்பாட்டு பாடும் புலவர், தெய்வத்தின் கதையைச் சாமப் பூசை நேரத்துக்கு உச்சக்கட்டம் வரும்படி நகர்த்திக்கொண்டு வருவார். கதை அங்கே வந்து நிற்கும்போது சாமியாடிக்கு அருள் வரும். பாட்டும் பூசையும் ஒன்றையொன்று தாங்கி நடப்பதால் ஒன்றை மட்டும் பகலுக்கு மாற்றிவிட முடியாது.

மூன்றாவது காரணம் வேளாண்மை. மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்த கம்பும் சோளமும் உளுந்தும் பெரும்பாலும் மாசிக்குள் வீடு வந்துவிடும். அடுத்த மழை வரை காட்டில் பெரிய வேலை கிடையாது. கையில் கொஞ்சம் காசும் இருக்கும். இரவு முழுவதும் கண்விழித்தவர் மறுநாள் வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். கூலி போகும், வண்டி போகும் என்ற கவலை அவருக்கு இல்லை. விடிய விடிய நடக்கும் கச்சேரி இப்படிப்பட்ட வாழ்க்கைக்காகவே உருவானது.

அந்த வாழ்க்கையை மாற்றியது தொழில். சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் ஊர் திரும்பி அதைத் தொடங்கினார்கள். பின்னர் பட்டாசும் அச்சும் சேர்ந்துகொண்டன. மழையை நம்பி இருந்த குடும்பங்கள் தீப்பெட்டி ஆபீசையும் பயர் ஆபீஸ் என்று அழைக்கப்படும் பட்டாசு ஆலையையும் நம்பி வாழத் தொடங்கின. பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுப் போக வேண்டிய நிலையைத் தொழில் வெகுவாகக் குறைத்தது. அதே தொழில் பங்குனி, சித்திரையின் ஓய்வு நாட்களையும் எடுத்துக்கொண்டது.

உழைப்பும் ஆட்டமும் ஒன்றாக இருப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளம் மேட்டில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல் தொழில் நடந்ததற்கான தடயங்களோடு சுடுமண் ஆட்டக்காய்களும் அங்கே கிடைத்தன. வளையல் அறுத்த ஊரில் விளையாட்டுக்கும் நேரம் இருந்திருக்கிறது.

ஓர் இரவின் ஒழுங்கு

வெளியூர்க்காரருக்கு விடிய விடிய நடக்கும் கச்சேரி ஒரே நீளமான நிகழ்ச்சியாகத் தோன்றும். உண்மையில் அதற்குள் தெளிவான பகுதிகள் உண்டு. எந்தப் பகுதி எப்போது வரும் என்று தெரிந்த குடும்பம் முழு இரவையும் செலவிடாமலே கச்சேரியை அனுபவித்துவிடும்.

கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம்தான் உயிர். நாதசுரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் ஆகியவை சேர்ந்தது அந்த மேளம். கோயில் வாசலில் மேளம் கட்டி ஊர்வலமாக வந்து, ஆடுகளத்தில் நின்ற பிறகு ஆட்டம் தொடங்கும். கோயிலுக்காக எடுக்கும் சக்திக் கரகம் வேறு, கலைக்காக ஆடும் ஆட்டக் கரகம் வேறு. ஆட்டக் கரகத்தோடு பொய்க்கால் குதிரை, மயில், காளை ஆட்டங்களும் குறவன் குறத்தியும் வருவதுண்டு. சிறுபிள்ளைகளைக் கவரும் மயிலும் குதிரையும் பெரும்பாலும் இரவின் முற்பகுதியிலேயே வந்துவிடும்.

நாடகம் இன்னும் நீளமானது. ஸ்பெஷல் நாடகம் என்று அழைக்கப்படும் இசை நாடகங்களுக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியவையே அடிப்படை. அவற்றில் கிராமங்களில் அதிகம் கேட்கப்படுவது வள்ளி திருமணம். வழக்கமாக இரவு பத்து மணியளவில் ஆர்மோனியமும் மிருதங்கமும் தொடங்கும். முதலில் பபூன் வருவார், அடுத்து அவரும் நடனக்காரரும் சேர்ந்து ஆடிப் பாடிப் பேசுவார்கள். அது முடிந்த பிறகுதான் வேலனும் வள்ளியும் நாரதரும் வரும் நாடகம் ஆரம்பமாகும். அவர்களுக்குள் தர்க்கம் முற்றி, திருமணம் முடிந்து மங்களம் பாடும்போது கிழக்கு வெளுத்திருக்கும். நடிகர்கள் ஒரே குழுவாக இருந்து ஒத்திகை பார்ப்பவர்கள் அல்லர். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் போன்ற ஊர்களில் உள்ள நாடக நடிகர் சங்கங்கள் வழியாகத் தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்டு, அன்றிரவுதான் மேடையில் சந்திப்பார்கள். எல்லாருக்கும் பாடம் மனப்பாடம் என்பதால்தான் இது நடக்கிறது.

இந்த நாடக மரபில் சிவகாசிக்கும் பெரிய பங்கு உண்டு. தேசபக்தப் பாடல்களை மேடையில் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்ற எஸ். எஸ். விசுவநாததாஸ் 1886இல் சிவகாசியில் பிறந்தவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில் முருகன் வேடத்தில் இருந்தபோது மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

வில் பேசும் நேரம்

வெம்பக்கோட்டையிலிருந்து தெற்கே போனால் கழுகுமலை, மேற்கே திரும்பினால் சங்கரன்கோவில். வில்லுப்பாட்டின் தாய்நிலமான திருநெல்வேலிச் சீமை அங்கேயே தொடங்கிவிடுகிறது. பக்கத்துச் சாத்தூரின் பெயர் பிச்சைக்குட்டியின் வில்லிசையால் தமிழகம் எங்கும் பேசப்பட்டது. எனவே இந்த வட்டாரக் கோயில்களில் வில்லுக்குத் தனி மரியாதை உண்டு.

மேடையில் வில் தயாராவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது ஒரு பாடம். ஆள் உயரத்தைவிட நீளமான வில்லை முதுகு கீழே இருக்கும்படி கிடத்துவார்கள். நடுப்பகுதியை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். குடம் அசையாமல் இருக்க அடியில் வைக்கோல் பிரிமணை. வில்லில் கோத்த மணிகளைத் துணியால் ஒருமுறை துடைப்பார்கள். புலவர் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் வீசுகோலை எடுத்து நாணில் ஒரு தட்டுத் தட்டியதும் மணிகள் எல்லாம் சேர்ந்து குலுங்கும். அதுவரை கடலை விற்றுக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார். குடத்துக்காரர் குடத்தின் வாயில் தட்டும் ஓசை அடிவயிற்றில் கேட்கும். உடுக்கையும் கட்டையும் ஜால்ராவும் சேர்ந்துகொள்ளும். புலவர் ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர் ‘ஆமாம்’ என்று இழுத்து வாங்கும்போது கதை நகரத் தொடங்கிவிடும்.

வில்லுப்பாட்டுக்கும் வரிசை உண்டு. காப்புப் பாடல், குரு வணக்கம், அவையடக்கம், நாட்டு வளம், பிறகு கதை, கடைசியில் வாழ்த்து. முதல் அரைமணி நேரம் முன்னுரைதான் என்பது தெரிந்தவர்கள் சமையற்கட்டை ஒதுக்கிவிட்டு நிதானமாக வருவார்கள்.

வில்லை விழா மேடைக்கு வெளியிலும் கொண்டுபோன சுப்பு ஆறுமுகம் (1928–2022) 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவருடைய மகள் பாரதி திருமகன் அந்தக் கலையைத் தொடர்கிறார். குடும்பமே ஒரு மேடையில் அமர்ந்து பாடிய வீடு அது. கச்சேரியும் குடும்பமும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணத்துக்கு அந்த வீடே மறுப்பு.

வீட்டின் கடிகாரம்

ஆலை வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் நாள் கோழி கூவும் முன்பே தொடங்குகிறது. குழாயில் தண்ணீர் வரும் நாளென்றால் குடங்களை வரிசையில் வைக்க வேண்டும். சோறு, குழம்பு, தூக்குவாளியில் மதியச் சாப்பாடு, பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு டப்பா, மாமியாருக்கு மாத்திரைக்கு முன் இரண்டு இட்லி. ஆலை வண்டி தெருமுனைக்கு வரும்போது ஏறியாக வேண்டும். தவறவிட்டால் அன்றைய கூலி போயிற்று. செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்னும் முறையில் குழாய் சுற்றுபவருக்கும் சரவெடி பின்னுபவருக்கும் ஒரு நாள் விடுப்பு என்றால் அந்த வாரக் கணக்கில் நேரடியாகத் துண்டு விழும். மாலை வீடு திரும்பியதும் மறுபடியும் அடுப்பு.

காலை ஐந்து மணிக்கு எழுந்தவருக்கு இரவு பத்து மணி ஆகும்போது பதினேழு மணி நேர விழிப்பு முடிந்துவிடுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட முடிவு ஒன்று இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன. இந்தியாவில் வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 விழுக்காடுதான். நாடகத்தில் பபூன் மேடை ஏறும் நேரத்திலேயே கூட்டத்தில் பலர் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். ஒரு சொட்டு மதுவும் அருந்தாதவரும் இதற்கு விலக்கல்ல.

பழைய ஏற்பாடு

முன்னோர் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் அதற்கு ஊர் அளவில் ஏற்பாடு செய்திருந்தார்கள். பொங்கல் சாட்டும் ஊர்க்கூட்டத்திலேயே நாள் குறிக்கப்படும், தலைக்கட்டு வரி முடிவாகும். மணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. அந்த வரியிலிருந்துதான் கச்சேரிக்கு அச்சாரம் போகும். வரி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் கச்சேரி சொந்தம். விழா நாள் முன்கூட்டியே தெரிவதால் கல்யாணமோ வெளியூர்ப் பயணமோ அதில் மோதாது. வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்பிள்ளைகளும் குடும்பத்தோடு வந்து சேர்வார்கள்.

அப்படி வந்தவர்களால் வீட்டில் ஆள் கூடும். ஆள் கூடினால் வேலை பங்காகும். நாத்தனார் பிள்ளையைத் தூங்க வைத்தால் மதினி மேடைக்குப் போவாள். நடுச்சாமத்தில் ஆள் மாறும். “மதினி, வள்ளி தினைப்புனத்துக்கு வர்ற நேரத்துக்கு என்னைய எழுப்பிவிடுங்க” என்று சொல்லிவிட்டுப் படுப்பது இந்த ஊர்களில் வழக்கமான பேச்சு. கதை எல்லாருக்கும் தெரிந்த கதை. எந்த இடத்தில் விட்டாலும் எந்த இடத்திலும் பிடித்துக்கொள்ளலாம். இடையில் தூங்குவது குற்றமாகக் கருதப்படுவதில்லை. கூட்டத்துக்குப் பின்வரிசையில் கோரைப்பாயும் பழைய சேலையும் விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தி, காலடியில் காராச்சேவுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு கதை கேட்பதே வழக்கம். கேட்டுக்கொண்டே தூங்கிய அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பிற்காலத்தில் மெட்டு மறப்பதில்லை.

புதிதாக வந்த தடைகள்

இன்றைய குடும்பம் பழைய ஏற்பாட்டை அப்படியே பின்பற்ற முடியாமல் போனதற்குக் கூலிக் கணக்கு மட்டும் காரணமல்ல. ஒலிமாசு விதிகள், 2000இன்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஓர் ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபெல்தான் வரம்பு. விழாக் குழுவினர் காவல்துறை அனுமதி பெற்று, அதில் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருக்கிறது.

இதை விழாவுக்கு வந்த இடையூறு என்று பலர் நினைக்கிறார்கள். ஆலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது நன்மையாகவும் அமையும். ஏழு மணிக்கே மேளம் கட்டி, பன்னிரண்டுக்குள் முடியும்படி நிகழ்ச்சியைத் திட்டமிட்டால் கூட்டமும் கலையாது, தூக்கமும் பாதி கிடைக்கும். பெரிய பெட்டிகள் அடுக்கிய ரேடியோ செட் இல்லாமல் வில்லுப்பாட்டை ஒரு தெரு முழுவதும் கேட்கலாம். வில்லும் குடமும் அதற்காகவே செய்யப்பட்டவை.

பொதுத்தேர்வு மற்றொரு தடை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் வருகின்றன. அது பங்குனிப் பொங்கலின் காலம். விருதுநகரிலும் சிவகாசியிலும் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் பெரிய விழா. கோயில் நாளை மாற்ற முடியாது. கச்சேரி நாளை மாற்றலாம். தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள ஊரில் பூசைகளைப் பங்குனியில் நடத்திவிட்டு, மேடை நிகழ்ச்சியைத் தேர்வு முடிந்த பிறகு வரும் ஒரு சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்க ஊர்க்கூட்டத்துக்கு முழு உரிமை உண்டு. சித்திரையில் விழா எடுக்கும் ஊர்களுக்கு இந்தச் சிரமம் குறைவு.

புறப்படும் முன்

ஒரு குடும்பம் கச்சேரிக்குத் தயாராவது இரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டும். முதலில் எந்த இரவு என்று முடிவு செய்வது நல்லது. மூன்று இரவும் போக ஆசைப்பட்டால் மூன்றிலும் அரைத்தூக்கம்தான் மிஞ்சும். பிள்ளைகளுக்குப் பிடித்தது கரகாட்டம், பெரியவர்களுக்கு வள்ளி திருமணம் என்றால் ஆளுக்கு ஓர் இரவாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, தூக்கத்தை முன்னால் சேர்ப்பது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் தூக்கம் தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து, பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு. கச்சேரி நாளன்று பள்ளி விட்டு வந்த பிள்ளையை விளையாட விடாமல் ஒரு மணி நேரம் படுக்க வைத்தால் இரவு பத்து மணிக்கு அது சிணுங்காது. வேலை முடிந்து வந்த பெரியவர்களுக்கு இருபது நிமிடக் கண்ணயர்வுகூடப் பெரிய உதவி.

மூன்றாவது, சாப்பாடு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் கச்சேரி மும்முரத்தில் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடுவது ஆபத்து. வழக்கமான நேரத்தில் வீட்டிலேயே சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புவதே சரி. தண்ணீர் பாட்டிலும் நாலு பிஸ்கட்டும் பைக்குள் இருக்கட்டும்.

பாய் விரிக்கும் இடம்

குடும்பத்தின் நலம் எங்கே உட்காருவது என்பதையும் பொறுத்தது. வாரம் ஒன்றுக்கு 80 டெசிபெல் ஒலியை நாற்பது மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 90 டெசிபெல் என்றால் நான்கு மணி நேரம். 100 டெசிபெல் என்றால் இருபது நிமிடம்தான். மேடையோரம் அடுக்கிய பெட்டிகளுக்கு முன்னால் ஒலி இந்த அளவை எளிதாக எட்டிவிடும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். ஐந்து மீட்டரில் விரித்த பாயை இருபது மீட்டருக்கு இழுத்தால் 12 டெசிபெல் குறையும். கைக்குழந்தைக்கு அதைவிடவும் தள்ளிய இடம் வேண்டும். பாட்டு நன்றாகக் கேட்கும் இடமும் அதுவே.

குடும்பத்தில் முறை வைத்து விழிப்பதை மீண்டும் வழக்கமாக்கலாம். விடிய விடிய நடக்கும் கச்சேரியில் பன்னிரண்டு மணி வரை தாய், பிறகு தந்தை என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் பாதி இரவு உறங்கக் கிடைக்கும். பிள்ளைகளைப் பத்து மணிக்கு வீட்டுக்கு அழைத்துப்போக ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பு எப்போதும் பெண்ணின் தலையில் விழக் கூடாது.

பக்கத்து ஊர்க் கச்சேரிக்கு இருசக்கர வண்டியில் போகிறவர்களுக்குத் திரும்பி வரும் வழிதான் ஆபத்து. நடுச்சாமத்துக்குப் பிறகு தூக்கம் சொல்லிக்கொண்டு வராது. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொள்வது நல்லது. இல்லையென்றால் உறவினர் வீட்டுத் திண்ணையில் தங்கி வெளிச்சம் வந்த பிறகு கிளம்பலாம்.

பெண்களின் பாட்டு

கச்சேரி பார்ப்பதைத் தவிர, பெண்களுக்கென்று சொந்தமான ஓர் இசை இரவும் இந்த வட்டாரத்தில் உண்டு. அது முளைப்பாரி. நவதானியத்தை மண்பாத்திரங்களில் விதைத்து, வெயில் படாத ஒரு வீட்டில் வைத்து வளர்ப்பார்கள். விழா வரை இரவுதோறும் அங்கே பெண்கள் கூடிக் கும்மி கொட்டிப் பாடுவார்கள். பகலில் தீப்பெட்டி ஒட்டியவர்களும் சரம் பின்னியவர்களும்தான் இரவில் அந்த வட்டத்தில் நிற்பார்கள். முதல் கைதட்டில் உடல் சோர்ந்திருக்கும், பத்தாவது சுற்றில் சோர்வு தெரியாது. முளை உயரமாக வளர்ந்தால் ஊர் செழிக்கும் என்று நம்பிக்கை.

முளைப்பாரி இரவு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டு வேலைக்கும் மறுநாள் ஆலைக்கும் நடுவே தானாகவே பொருந்திக்கொண்ட கலை அது. வீட்டின் நேரத்தை அறிந்தவர்கள் அமைத்ததால் அந்த அளவு வந்தது. மேடைக் கச்சேரிக்கு நேரம் குறிக்கும் ஊர்க்கூட்டத்திலும் பெண்கள் உட்கார்ந்தால் கச்சேரியும் அதே அளவறிந்து நடக்கும்.

மறுநாள்

மறுநாளைப் பற்றிப் பேச மற்ற ஊர்களில் இல்லாத அவசியம் இங்கே இருக்கிறது. அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கலக்கும் கைக்கு மயக்கம் ஆகாது. வெடிமருந்து கலக்கும்போதும் செலுத்தும்போதும் சிறிய உராய்வோ கைதவறி விழும் பாத்திரமோ போதும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே விபத்தின் அளவைக் குறைக்கத்தான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிபட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நடந்த வெடிவிபத்துகளை இந்தப் பகுதி மறக்கவில்லை. அந்த விபத்துகளுக்கான காரணங்கள் வேறு. ஆனால் மருந்து அறையில் விழிப்பான ஆள் மட்டுமே நிற்க வேண்டும் என்பதற்கு மேலும் சான்று தேவையில்லை.

ஆகவே இரவு முழுவதும் கண்விழித்தவர் மறுநாள் மருந்து அறைக்குள் போகக் கூடாது. இதில் சமாதானத்துக்கு இடமில்லை. சிவகாசியில் பங்குனி, சித்திரைப் பொங்கல் நாட்களில் பல ஆலைகள் விடுமுறை விடுகின்றன. கிராமத்து விழாக்களுக்கு அப்படி விடுமுறை கிடைப்பதில்லை. ஊர்க்கூட்டம் நாள் குறித்ததும், அந்த ஊரிலிருந்து ஆட்கள் வரும் ஆலைகளின் போர்மேன்களிடம் தேதியைச் சொல்லிவிட்டால், அன்று ஆட்களை வேறு வேலைக்கு மாற்றவோ விடுப்பு தரவோ வழியிருக்கும். கச்சேரியைச் சனிக்கிழமை இரவுக்கு வைத்தால் ஞாயிறு தானாகவே ஓய்வு நாளாகிவிடும். காசு செலவில்லாத ஏற்பாடு இது. விழாச் செலவுக்கு ஒதுக்கும்போதே ஒரு நாள் கூலியையும் செலவில் சேர்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு மறுநாள் மனம் உறுத்தாது.

வீட்டிலும் மறுநாளை இலகுவாக்கலாம். மாவு முதல்நாளே ஆட்டிவைத்தால் காலை இட்லியோடு முடியும். பிள்ளைகளை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவிடலாம். அன்றிரவு எல்லாரும் சீக்கிரம் படுத்தால் இரண்டு நாளில் வீடு பழைய ஒழுங்குக்கு வந்துவிடும்.

கலைஞரின் வீடு

மேடைக்கு முன்னால் பாய் விரித்த குடும்பத்தைப் போலவே மேடைக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. கரகாட்டக்காரருக்கும் தவில்காரருக்கும் வேலை என்பது தை முதல் ஆடி வரையுள்ள சில மாதங்கள்தான். அந்த மாதங்களில் இரவெல்லாம் ஆட்டம், பகலெல்லாம் பயணம். அவர்களுடைய பிள்ளைகளும் தேர்வு எழுதுகிறார்கள். அவர்களும் கூட்டத்தைப் போலவே களைத்து வண்டியேறுகிறார்கள். கச்சேரியை நள்ளிரவுக்குள் முடிப்பது, பேசிய தொகையை இறங்கும்போதே கையில் கொடுப்பது, விடியும் வரை தங்கப் பாதுகாப்பான இடம் தருவது ஆகியவை ஊர் காட்டும் அடிப்படை மரியாதை. பெண் கலைஞர்களை மேடையில் கேலி செய்வோரைக் கட்டுப்படுத்துவதும் அதில் சேரும். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய கச்சேரிதான் குடும்பங்களை வரவழைக்கும். கலைஞர்களுக்கு அரசின் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. அதில் உறுப்பினராகப் பதிவு செய்யாதவர்களுக்கு விழாக் குழுவில் படித்த இளைஞர்கள் விண்ணப்பம் நிரப்பித் தரலாம்.

பட்டாசு வெடிக்க ஒரு நொடி, அதைச் செய்ய ஓர் ஆண்டு. அந்த ஓர் ஆண்டு உழைப்பில் இரண்டு இரவு பாட்டுக்குக் கிடைப்பது நியாயமான பங்கு. அதை நிம்மதியாக அனுபவிக்க வேண்டுமானால் கச்சேரிக்கு மறுநாளையும் விழாவின் ஒரு நாளாக ஊர் எண்ண வேண்டும். அடுத்த பொங்கல் சாட்டும் கூட்டத்தில், வரி எவ்வளவு என்று கேட்பதற்கு முன் கச்சேரி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும், மறுநாள் ஆலைக்கு யார் சொல்வது என்று ஒவ்வொரு குடும்பமும் கேட்கட்டும்.